பேணும் பணியும் வீட்டுக் கல்வியும்



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது நம்மிடம் ஒரு பாரத்தைக் கொடுக்கிறார்கள். தந்தையின் பெயர், தாயின் பெயர், வீட்டு முகவரி எல்லாம் எழுதிய பிறகு 'தாயின் தொழில்' என்ற இடம் வருகிறது. அங்கே 'வேலை இல்லை' என்று எழுதுவோர் உண்டு. வெறும் கோடு ஒன்றைக் கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவோரும் உண்டு. "உன் அம்மா என்ன செய்கிறார்?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால், "அம்மா வீட்டிலே சும்மாதான் இருக்காங்க, சார்" என்று பிள்ளையே சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்லும் அந்தப் பிள்ளை அன்று காலையில் குளித்திருக்கிறது, பசியாறியிருக்கிறது, துவைத்துத் தேய்த்த சட்டையைப் போட்டிருக்கிறது, பையில் அன்றைய பாடநூல்கள் இருக்கின்றன. இத்தனையும் தாமாக நடந்துவிடுவதில்லை. விடிவதற்கு முன்னே எழுந்த ஒருவருடைய உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது.

'சும்மா' என்னும் அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை மறைந்து கிடக்கிறது? அந்த வேலைக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உள்ள தொடர்பு என்ன? அதை வீட்டில் யார் யார் ஏற்றுக்கொள்ள வேண்டும்? இவற்றை இன்றைய உரையில் நாம் எண்ணிப் பார்ப்போம்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பேணுதல் என்பது நல்ல தமிழ்ச்சொல். காத்தல், வளர்த்தல், மதித்தல் ஆகிய மூன்று பொருளும் அதில் அடங்கியிருக்கின்றன. குழந்தையைக் குளிப்பாட்டி உணவூட்டுவது பேணுதல். பள்ளிப் பிள்ளையின் படிப்பைக் கவனிப்பது பேணுதல். நோயாளிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், முதியவரைக் கைபிடித்து நடத்திச் செல்வதும், உடற்குறையுள்ள பிள்ளையைத் தன் காலில் நிற்கப் பழக்குவதும் பேணுதலே. இவர்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுமானால் வீடு துப்புரவாக இருக்க வேண்டும்; அடுப்பு எரிய வேண்டும்; துணி துவைக்கப்பட வேண்டும். ஆகவே வீட்டு வேலையும் பேணும் பணியின் ஒரு பகுதியாகும்.

இந்தப் பணியில் கைக்கு உள்ள வேலை கண்ணுக்குத் தெரியும். மனத்துக்கு உள்ள வேலை எவர் கண்ணுக்கும் தெரியாது. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்த நாளில்? நீரிழிவு உள்ள மாமியாருக்கு மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? நடுப்பிள்ளையின் காலணி சிறுத்துவிட்டதா? மூத்தவன் இரண்டு நாளாக ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்? இத்தனையையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். அலுவலகத்தில் இதே வேலையைச் செய்பவருக்கு மேலாளர் என்று பெயர். தனி மேசையும் சம்பளமும் உண்டு. வீட்டில் செய்பவருக்குப் பெயரே இல்லை.

பேணும் பணி உண்மையில் ஒரு வேலைதானா என்று ஐயுறுவோர்க்கு, இந்நாட்டுத் தமிழர் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் வாழ்ந்த ரப்பர் தோட்டங்களுக்குப் போனால் போதும்.

பால்மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகையால் மரம் வெட்டுவோர் பொழுது புலரும் முன்பே பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து வெட்டுக்குப் போனால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலை. அப்படியானால் கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்காகத்தான் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. தூக்கம் கலையாத குழந்தையைத் துணியில் சுற்றி இருட்டோடு தூக்கி வந்து, தாய் அங்கே விட்டுவிட்டுப் போவாள். வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்ட உடலில் தெம்பு குறைந்த, வயது சென்ற ஒரு பெண் பெரும்பாலும் ஆயாவாக இருப்பார். பால் கரைத்துப் புகட்டுவதும், குளிப்பாட்டுவதும், அழும் பிள்ளையைத் தேற்றுவதும், காய்ச்சல் கண்ட பிள்ளையை இனங்கண்டு தோட்ட மருத்துவமனை டிரசருக்குச் சொல்லி அனுப்புவதும் அவர் பொறுப்பு.

அந்த ஆயாவின் பெயர் செக்ரோலில் இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. வெட்டுக்காரர் பெயரும், புல் வெட்டுவோர் பெயரும், ஆயாவின் பெயரும் ஒரே புத்தகத்தில் இடம்பெற்றன. அவருக்கும் நாட்கூலி உண்டு. தோட்ட நிர்வாகம் குழந்தைகள்மேல் கொண்ட அன்பினால் இப்படிச் செய்தது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. அது ஒவ்வொரு காசையும் கணக்குப் பார்த்த நிர்வாகம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் தாய் வெட்டுக்கு வரமாட்டாள், தாய் வராவிட்டால் மரம் சும்மா நிற்கும் என்பதை அது அறிந்திருந்தது. அதனால் ஆயாவின் கூலியை ரப்பர் உற்பத்திச் செலவில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. குழந்தையைப் பேணுவதும் ரப்பர் எடுக்கும் வேலையின் ஒரு பகுதியே என்று வெள்ளைக்காரத் துரையின் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொண்டது! தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பது பற்றிய விதிகள், தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் தொடர்பான 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கின்றன.

அதே வேலையை அதே தோட்டத்தில், லயத்து வீட்டுக்குள் ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைக்குச் செய்தால் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கொட்டகைக்குள் செய்தால் வேலை. வீட்டுக்குள் செய்தால் சும்மா இருத்தல். குழந்தையின் பசியும் ஒன்று, ஊட்டும் கையும் ஒன்று. கூலி கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த முரண்பாட்டைப் பொருளியல் அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு, 1920ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இதனைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் தம் வீட்டைக் கவனித்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார். பிறகு அந்தப் பெண்ணையே மணந்துகொள்கிறார். மணமான மறுநாளும் அந்தப் பெண் அதே சமையலைச் செய்கிறார். அதே வீட்டைக் கூட்டுகிறார். ஆனால் சம்பளம் நின்றுபோனதால் நாட்டின் வருமானக் கணக்கில் அந்த அளவு குறைந்துவிடுகிறது! வேலை குறையவில்லை, கணக்குத்தான் குறைகிறது. 1934ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் மார்கரெட் ரீட் இதற்கு எளிய சோதனை ஒன்றைக் கூறினார். வீட்டில் ஒருவர் செய்யும் ஒரு காரியத்தைக் கூலி கொடுத்து வேறொருவரைக் கொண்டு செய்விக்க முடியுமானால், அது பயன் விளைக்கும் உழைப்பே என்றார் அவர். நமக்காக வேறொருவர் தூங்க முடியாது. ஆகவே தூங்குவது வேலையன்று. நமக்காக வேறொருவர் சமைக்கலாம். ஆகவே சமைப்பது வேலை. இந்தச் சோதனையை நேயர்கள் தங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இப்படிக் கணக்கில் ஏறாத வேலை உலகில் எவ்வளவு இருக்கும்? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதற்கு விடை கூறுகிறது. ஊதியமில்லாப் பேணும் பணியில் 64 நாடுகளின் மக்கள் ஒரு நாளில் செலவிடும் நேரம் 1640 கோடி மணி. 200 கோடிப் பேர் நாள்தோறும் எட்டு மணி நேரம் சம்பளமின்றி உழைப்பதற்கு இது சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது 76 விழுக்காட்டு வேலையைச் செய்பவர்கள் பெண்கள். நம் நாட்டில் கசானா ஆய்வுக் கழகம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அந்த ஆய்வில் கலந்துகொண்ட பெண்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.6 மணி நேரத்தை இந்த வேலைகளில் செலவிட்டார்கள், ஆண்கள் 2.2 மணி நேரத்தைச் செலவிட்டார்கள்.

இனி, கல்விக்கு வருவோம். பேணுவது ஒரு வேலை. கற்பிப்பது வேறு வேலை. வீட்டில் வளர்ப்பு, பள்ளியில் படிப்பு என்று நம்மில் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை சரியன்று. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் அமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018ஆம் ஆண்டில் இளங்குழந்தை வளர்ப்புக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. நல்ல உடல்நலம், போதிய உணவு, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே வளர்ப்பு என்று அது கூறுகிறது. ஐந்தையும் ஒன்றாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். இவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்துப் பள்ளியிடம் கொடுத்துவிட்டு, மற்ற நான்கையும் மறந்துவிட முடியாது.

குழந்தையைக் குளிப்பாட்டும் ஒரு தாயையோ பாட்டியையோ பாருங்கள். "கையைத் தூக்கு ராஜா, எங்கே அந்தக் கை? இதோ மூக்கு, இதோ காது. தண்ணி சுடுதா? கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்தட்டுமா?" என்று பேசிக்கொண்டே குளிப்பாட்டுகிறார். அதில் உடற்பாடம் இருக்கிறது. சூடு, குளிர்ச்சி என்னும் அறிவியல் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்னும் உரையாடல் முறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மொழி இருக்கிறது. பாலர் பள்ளிக்குப் போகும் முன்பே குழந்தை தமிழில் வாக்கியம் அமைக்கிறதே, அந்த இலக்கணத்தைக் கற்பித்தவர் யார்? ஊட்டியவரும் குளிப்பாட்டியவரும் தூங்க வைத்தவருமே. பேணுகிறவரின் மொழிதான் பிள்ளையின் மொழி. வீட்டில் தமிழ் நிலைக்க வேண்டும் என்று மேடையில் பேசும் நாம், பிள்ளையோடு நாள் முழுவதும் பேசும் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி செல்லும் வயதிலும் இது தொடர்கிறது. "நான் படிக்காதவள், பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பேன்?" என்று வருந்தும் தாய்மார் இருக்கிறார்கள். கணக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். நேரத்துக்குத் தூங்க வைப்பதும், காலையில் பசியாற வைப்பதும், மாலையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பிள்ளைக்கு அமைதியான இடம் தருவதும், "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல், கேட்கிறேன்" என்று உட்கார்ந்து கேட்பதும் பெற்றோரால் முடிந்தவை. எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் பாடத்தை எடுத்துச் சொல்லும் பிள்ளை, அப்படிச் சொல்லும்போதே அந்தப் பாடத்தை இரண்டாம் முறை படித்துவிடுகிறது.

இந்தப் பணிக்கு ஒரு விலையும் உண்டு. பல தலைமுறையாக அதைக் கொடுத்து வந்தவர்கள் நம் வீட்டு மூத்த பெண் பிள்ளைகள்.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தபோதும், எல்லா நாளும் எல்லாக் குழந்தையையும் அங்கே விட முடிந்ததில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். தாய் மீண்டும் கருவுற்றால் உதவிக்கு ஒருவர் வேண்டும். கூலியை இழக்கத் தாயால் முடியாது. தந்தை இருப்பது என்ற பேச்சே எழாது. அப்போது எல்லார் கண்ணும் மூத்த மகள்மேல் விழும். முதலில் ஒரு நாள் பள்ளிக்குப் போகமாட்டாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஆறாம் வகுப்பு முடிந்ததும், புகுமுக வகுப்புக்குப் பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டுமே என்ற நிலை வரும்போது, "பொம்பளைப் பிள்ளைதானே, படித்தது போதும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவள் வளர்த்த தம்பி மேலே படித்து ஆசிரியராகவோ எழுத்தராகவோ ஆகியிருப்பார். அவள் மட்டும் வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்திருப்பாள்.

அந்த அக்காமார்கள் இன்று பாட்டிமார்களாக நம்மிடையே வாழ்கிறார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளை நம்மிடம் நீட்டி, "இதிலே என்னய்யா எழுதியிருக்கு?" என்று கேட்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். தம்பி தங்கைகளுக்குச் சோறூட்டியதற்கு அவர்கள் கொடுத்த விலை தங்கள் எழுத்து. ஒரு குடும்பம் முன்னேறியது என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, அந்த முன்னேற்றத்துக்கு யாருடைய புத்தகப்பை முதலாக வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அது பழைய கதை, இப்போது தொடக்கக் கல்வி கட்டாயமாகிவிட்டதே" என்று சிலர் கூறலாம். 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பது உண்மைதான். ஆனாலும் சிக்கல் உருமாறி வேறிடத்துக்குப் போயிருக்கிறது. ரப்பர் காடுகள் செம்பனையாக மாறின; பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டன; குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. லயத்துக் குடிசையில் வசதிக் குறைவு இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு அத்தை இருந்தார், எதிர்வீட்டுப் பாட்டி இருந்தார், கொட்டகை இருந்தது. அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் கதவைச் சாத்தினால் தாயும் குழந்தையும்தான். வீடு மாறியபோது பேணும் பணியும் கூடவே வந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள இருந்த கைகள் வரவில்லை.

அதன் விளைவு தொழிலாளர் புள்ளிவிவரத்தில் தெரிகிறது. 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் உழைக்கும் வயதுள்ள ஆண்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் தொழிலாளர் அணியில் இருந்தார்கள். பெண்களில் அது ஏறத்தாழ 56 விழுக்காடு. வெளியே நிற்கும் பெண்கள் கூறும் காரணங்களில் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும் முதலிடம் பெறுகின்றன. இவர்களில் பலர் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள். அன்று அக்காவின் பள்ளிப் படிப்பு நின்றது. இன்று படித்து முடித்த பெண்ணின் தொழில் நிற்கிறது.

இனி வரும் ஆண்டுகளில் இந்தப் பணி இன்னும் பெருகப் போகிறது. 2030ஆம் ஆண்டளவில் மலேசிய மக்களில் நூற்றுக்கு 15 பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்றும், சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்றும் அந்தந்த அரசுகள் கணித்திருக்கின்றன. குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது. பேண வேண்டிய முதியோரின் எண்ணிக்கை கூடுகிறது. வீட்டுக்கு ஒரு மருமகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது.

இந்த இடத்தில் நேயர்கள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பலாம். "பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டுவதற்கும், பெற்றவர்களுக்குத் தொண்டு செய்வதற்கும் கணக்கா? அன்பைத் தராசில் நிறுக்கலாமா?" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அன்புக்கு விலை கிடையாது. ஆனால் அன்பு என்று சொல்லி ஒருவர் தலையிலேயே முழுப் பாரத்தையும் வைப்பது அன்பாகுமா? விலை பேசுவது வேறு, கணக்கில் கொள்வது வேறு. ஒருவர் செய்யும் வேலையை வேலை என்று ஒப்புக்கொண்டால்தான், அவருக்கு ஓய்வு வேண்டும், நோய் வந்தால் மாற்று ஆள் வேண்டும், வயதான காலத்தில் கையில் நாலு காசு வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வரும். சும்மா இருப்பவருக்கு ஓய்வு எதற்கு என்றுதானே நாம் கேட்போம்!

சட்டங்கள் மெல்ல மெல்ல இதை ஒப்புக்கொண்டு வருகின்றன. முஸ்லிம் அல்லாதார்க்கான நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமும், சிங்கப்பூரின் மாதர் சாசனமும், மணவிலக்கின்போது சொத்தைப் பிரிக்கையில் வீட்டையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டவரின் பங்கையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வகை செய்கின்றன. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, நம் தீபகற்ப மாநிலங்களில் வேலைச் சட்டத்தின்கீழ் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு கிடைத்தது. சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தந்தையருக்கு நான்கு வாரம் என்றாகியிருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டமும் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. 55 வயதுக்கு உட்பட்ட இல்லத்தரசி ஒருவருக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்தினால், வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கும் உடல் முடக்கத்துக்கும் பெர்கேசோ பாதுகாப்பு அளிக்கிறது. மாதத்துக்குப் பத்து வெள்ளிதான். வாகனத்துக்குக் காப்புறுதி எடுக்க மறக்காத கணவன்மார்கள் இதையும் மறக்கக் கூடாது.

சட்டம் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றை நாம்தான் செய்ய வேண்டும். அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கணக்கெடுப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் எல்லாரும் கூடி உட்கார்ந்து, வீட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே செய்பவர் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அறிவுரை எதுவும் தேவைப்படாது, தாளே பேசும்.

இரண்டாவது, ஆண் பிள்ளைகளைப் பழக்குவது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மனையியல் பாடம் மாணவிகளுக்கு உரியதாக இருந்தது. இன்று உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் உணவு பற்றிய கல்வியை மாணவர், மாணவியர் இருபாலாரும் படிக்கிறார்கள். பள்ளி மாறியிருக்கும்போது வீடு மாறக் கூடாதா? பத்து வயதுப் பையனால் சோறு வடிக்க முடியும். தன் துணியைத் தானே துவைக்க முடியும். தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க முடியும். "ஆம்பளைப் பிள்ளை அடுப்படியிலே என்ன செய்றான்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் பணிவோடு ஒன்றைச் சொல்லலாம். திருமண விருந்தில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும் தலைமைச் சமையற்காரரும் ஆண்தான். அங்கே குறையாத ஆண்மை வீட்டு அடுப்படியிலா குறைந்துவிடும்?

மூன்றாவது, வீட்டில் எந்த நெருக்கடி வந்தாலும் எந்தப் பிள்ளையின் படிப்பையும் அதற்கு ஈடாக வைப்பதில்லை என்று உறுதி கொள்வது. பாட்டி நோயில் படுத்தால் பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். மாமா ஒரு நாள், சித்தி ஒரு நாள், அப்பா ஒரு நாள் என்று பகிர்ந்துகொள்ள வேண்டும். படிவம் ஐந்து படிக்கும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது எளிய வழியாகத் தோன்றும். அந்த எளிய வழிக்குரிய விலையை அவள் வாழ்நாள் முழுவதும் செலுத்துவாள்.

நான்காவது, வெளியே கிடைக்கும் உதவியைத் தெரிந்து பயன்படுத்துவது. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு குழந்தைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையை விடும் முன் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பணிபுரியும் பெண்களையும், வீட்டுக்கு வந்து உதவும் பணிப்பெண்ணையும் மரியாதையோடு நடத்துங்கள். நம் பிள்ளைக்குச் சோறூட்டும் கையை இழிவாகப் பேசினால், பேணும் பணியே இழிவானது என்ற பாடத்தை நம் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஐந்தாவது, பேணுகிறவரையும் பேணுவது. படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு வாரத்தில் அரை நாளாவது விடுதலை வேண்டும். கோயிலுக்கோ, தோழி வீட்டுக்கோ, சற்றே தூங்கவோ அவர் போகட்டும். "எப்படி இருக்கிறார் உங்கள் மாமியார்?" என்று நோயாளியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரையும் ஒருவர் கேட்க வேண்டும்.

நேயர்களே, நாம் ஒவ்வொருவரும் பிறந்தபோது கழுத்து நிற்காத, வாய் பேசாத, ஓரடியும் நகர முடியாத குழந்தையாக இருந்தோம். முதுமையில் நம்மில் பலர் மீண்டும் அந்த நிலைக்குத் திரும்புவோம். அந்த இரண்டு காலத்திலும் யாரோ ஒருவர் கைதான் நம்மைத் தாங்குகிறது. இடையில் நமக்கு வலிமை இருக்கும் சில ஆண்டுகளில், ஆணோ பெண்ணோ, நம் கையும் இன்னொருவரைத் தாங்க வேண்டும் என்பதே நியாயம். அந்த நியாயத்தைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. தந்தை தன் தாயின் கால்களுக்குத் தைலம் தடவுவதைப் பார்த்தும், அண்ணன் தங்கைக்குத் தலைவாரிப் பின்னுவதைப் பார்த்தும்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்படிப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, பேணுவது வேலை என்பதையும், அது எல்லார்க்கும் உரிய வேலை என்பதையும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.